ஞானதுரை சொன்ன பாஸ்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க தம்பி. எனக்கு வெயில் ஆகாது. மதுரைக்குத்தானே? நானும் மதுரைல இறங்கி ஈரோட்டு வண்டி பிடிக்கணும். பேச்சுத்துணைக்கு ஒருத்தர் இருந்தா தூரம் தெரியாது.

ஆமாங்க, இது சீட்டுக்கட்டுதான். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க, கவனிச்சேன். நீங்க நினைக்கிற ஆட்டம் இல்லைங்க இது. பிரிட்ஜ். மூளை இருக்கிறவன் ஆடற ஆட்டம். முப்பத்தியாறு வருஷமா ஆடறேன். நான் அரசாங்கத்துல எக்ஸிகியூட்டிவ் என்ஜினியரா இருந்து ரிடையர் ஆனவன். எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு வேண்டாம், உங்க வீட்டுல யாராவது அதுல இருந்தாலும் இருப்பாங்க. சென்னியப்பன்னு பேரு.

ஆட்டம் சுலபம்தான். நாலு பேர். எதிரெதிர்ல உட்காந்த ரெண்டு பேர் ஒரு கட்சி. ஆளுக்குப் பதிமூணு சீட்டு. சுத்துக்கு ஆளுக்கு ஒரு சீட்டு இறக்கணும், பெரிசு போட்டவருக்கு அந்தப் பிடி. ஆட்டத்துக்கு முன்னால ஏலம் நடக்கும். 'நாங்க இத்தனை பிடி பிடிப்போம், இதுதான் துருப்பு'ன்னு ஒருத்தர் கேட்பார். அடுத்தவர் அதுக்கு மேல கேட்கணும், முடியாதுன்னா பாஸ் சொல்லணும். அதிகமாக் கேட்டவங்களுக்கு ஏலம். கேட்ட அளவு பிடிக்கலைன்னா தண்டம். எதிராளிக்கு சந்தேகம் இருந்தா 'டபுள்'னு சொல்லலாம். 'உன்னால முடியாது'ன்னு அர்த்தம். தோத்தா தண்டம் இரட்டிப்பு.

இதுல முக்கியமானது என்னன்னா, என் கையில என்ன இருக்குன்னு பார்ட்னர்கிட்ட வாயால சொல்லக் கூடாது. ஜாடை கூடாது. இருமக்கூட கூடாது. நான் கேட்கிற ஏலத்தை வச்சு அவர் புரிஞ்சுக்கணும், அவர் கேட்கிறதை வச்சு நான் புரிஞ்சுக்கணும். ஏலம் கிடைச்சதும் ஒருத்தர்தான் ஆடுவார். பார்ட்னர் தன்னோட சீட்டை மேஜை மேல விரிச்சு வச்சுட்டு சும்மா இருக்கணும். அவருக்கு டம்மின்னு பேர்.

அவ்வளவுதான். இது புரிஞ்சாப் போதும், ஞானதுரை எனக்குப் பண்ணினது புரியும்.

ஞானதுரை என் ஆபீஸ்ல டிராஃப்ட்ஸ்மேன். பிளான் வரையறவர். தூத்துக்குடிக்காரர், ஒல்லியா, அமைதியா, கோடு போட்டா மயிரிழை பிசகாது. ஒரு நாள் மத்தியானம் நான் செக்‌ஷன் வழியாப் போறேன், மனுஷன் டிபன் பாக்ஸைப் பக்கத்துல வச்சுட்டு இங்கிலீஷ் பேப்பர்ல வர்ற பிரிட்ஜ் புதிரைப் போட்டுக்கிட்டிருக்கார். "தெரியுமா?"ன்னேன். எழுந்து நின்னுட்டார். "ஹாஸ்டல்ல ஆடியிருக்கேன் சார்"னார்.

அன்னிக்கு சாயங்காலமே ஆபீசர்ஸ் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போய்ட்டேன். ஆபீசர் இல்லாதவங்களுக்கு அங்க மேஜை கிடையாது. செக்ரட்டரிகிட்ட சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். அந்த மேஜையில உட்கார்ந்த முதல் டிராஃப்ட்ஸ்மேன் அவர்தான். இதை யாருங்க செய்வாங்க?

பதினோரு வருஷம் ஆடினோம். புதன், சனி, ஞாயிறு. டோர்னமெண்ட்னா கோயம்புத்தூர், சேலம், ஒரு தடவை பெங்களூர். கைக்கு அடக்கமான பார்ட்னர் அவர். நான் ஒண்ணு கேட்டா அதுக்கு என்ன சொல்லணுமோ அதைச் சொல்வார், ஒரு வார்த்தை அதிகம் இருக்காது. ஏலத்தை அனேகமா நான்தான் எடுப்பேன். முதல்லயே நோ டிரம்ப், அதாவது துருப்பே இல்லாத ஆட்டம், அதைக் கேட்டுட்டா ஆடறது நானாத்தான் இருக்கும், அது ஒரு நுணுக்கம். பொறுப்பை நான் சுமந்துக்கிட்டேன்னு வைங்களேன். அவர் சீட்டை விரிச்சு வச்சுட்டு எனக்கு டீ வாங்கப் போவார். சர்க்கரை கம்மி, ஆடை கூடாது. ஒரு நாள் மாறினதில்ல.

ஏப்ரல் வந்தா மட்டும் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து மேஜை மேல வைப்பார். தூத்துக்குடிக்கு மாற்றல் விண்ணப்பம். சம்சாரம் அங்க ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர், அந்த வேலையை வேற ஊருக்கு மாத்த முடியாது. இவர் ஈரோட்டுல ஒரு லாட்ஜ் ரூம்ல இருந்தார். நான் அந்த விண்ணப்பத்துல என்ன எழுதுவேன் தெரியுமா? 'இவர் இன்றி இவ்வலுவலகப் பணிகள் நடைபெறா. விடுவிக்க இயலாது.' ஒரு ஆபீசர் தனக்குக் கீழே இருக்கிறவரைப் பத்தி இதை விட உயர்வா என்ன எழுத முடியும்? பத்து வருஷம், பத்து தடவை எழுதினேன். வேற யாருக்கும் ஒரு தடவை கூட எழுதினதில்ல.

அவர் "சரி சார்"னு போய்டுவார். அன்னிக்கு சாயங்காலம் கிளப்புக்கு வந்துடுவார். மனக்குறை இருந்தா வருவாரா? குடும்பம் தள்ளி இருந்ததுல அவருக்கு ஆட்டத்துல கவனம் கூடிச்சு, அதுவும் உண்மை. குடும்பத்தோட இருக்கறவங்க ஆடறதைப் பார்த்திருக்கேன். ஏழரை மணியானா கடிகாரத்தையே பார்ப்பாங்க.

பதினோராவது வருஷம், கோயம்புத்தூர்ல கிளப்புகளுக்குள்ள நடக்கிற கோப்பை. நாலு பேர் ஒரு அணி. ஒரே சீட்டை ரெண்டு மேஜையில ஆடுவாங்க. இந்த மேஜையில நாங்க ஆடற கையை, அந்த மேஜையில எதிரணிக்காரங்க ஆடுவாங்க. சீட்டு நல்லா வந்தது, வரலைன்னு யாரும் சாக்குச் சொல்ல முடியாது. யார் மூளை நல்லதுன்னு தெரிஞ்சுடும்.

ஃபைனலுக்கு ஜீப்ல போறோம். பெருந்துறை தாண்டினதும் ஞானதுரை மெதுவா, "சார், தூத்துக்குடி ஆபீஸ்ல டிராஃப்ட்ஸ்மேன் போஸ்ட் ஒண்ணு காலியாகுது. எங்க ஊர்க்காரர் ரிடையர் ஆகறார்"னார்.

நான், "கோப்பையைத் தூக்குங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்"னேன்.

ஒரு உற்சாகத்துக்காகச் சொல்றதுதானே. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சொல்றீங்களா சார்?"னார். "சொல்றேன்"னேன்.

சாயங்காலம் கடைசி ஆட்டம். ரெண்டு அணியும் ஏறக்குறைய சமம். இந்த ஒரு கையிலதான் கோப்பை. எனக்கு வந்த சீட்டைச் சொல்றேன் கேளுங்க, இல்ல, வேண்டாம், உங்களுக்குப் புரியாது. நல்ல சீட்டு, அவ்வளவுதான். பிரிட்ஜ்ல ஒரு வழக்கம் உண்டு. 'நாலு நோ டிரம்ப்'னு கேட்டா அது நிஜமான ஏலம் இல்லை, கேள்வி. 'உங்ககிட்ட எத்தனை ஏஸ் இருக்கு?'ன்னு அர்த்தம். கேட்டேன். 'அஞ்சு டைமண்ட்'னு பதில் சொன்னார். அப்படின்னா ஒரே ஒரு ஏஸ்.

அடுத்தது நான், 'அஞ்சு நோ டிரம்ப்'ன்னேன். இதுவும் கேள்விதான். 'நம்ம ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து நாலு ஏஸும் இருக்கு, இப்ப ராஜா எத்தனைன்னு சொல்லுங்க'ன்னு அர்த்தம். பார்ட்னர் கட்டாயம் பதில் சொல்லணும். பாஸ் சொல்லவே கூடாது. சின்னப் பையன் கூடச் சொல்ல மாட்டான். என்கிட்ட ஒரு ஏஸ்தான் இருந்தது, அது வேற விஷயம். கேள்வின்னா கேள்விதானே.

ஞானதுரை சீட்டை ஒரு தடவை பார்த்தார். மடக்கி மேஜை மேல குப்புற வச்சார். "பாஸ்"னார்.

எதிராளி ரெண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தாங்க. பதினோரு வருஷத்துல முதல் தடவையா நான் கேட்டதுக்குப் பதில் இல்லை. ஏலம் அங்கயே நின்னுடுச்சு. ஏலத்துல சொல்ற எண்ணோட எப்பவும் ஆறு கூட்டிக்கணும், அஞ்சுன்னா ஆறும் அஞ்சும் பதினோரு பிடி பிடிக்கணும். நான் ஆறுக்குப் போறதா இருந்தேன், பன்னெண்டு பிடி. பெரிய ஆட்டம். அதைத் தட்டிப் பறிச்சுட்டார்.

ஆடினேன். எதிராளி ரெண்டு ஏஸையும் இறக்கி ரெண்டு பிடி எடுத்தான். மீதி பதினொண்ணும் எனக்கு. சரியாப் பதினொண்ணு.

அந்த மேஜையில அதே சீட்டை வச்சுக்கிட்டு எதிரணிக்காரன் ஆறு கேட்டிருக்கான். ஒரு பிடியில தோத்துட்டான். அதனால கோப்பை எங்களுக்கு வந்துடுச்சு.

எல்லாரும் ஞானதுரை கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க. 'என்ன பாஸ் சார் அது'ன்னு ஒருத்தர். 'இந்தப் பாஸைச் சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேணும்'னு இன்னொருத்தர். ஆடினது நான். அந்தப் பதினோரு பிடியைப் பிடிச்சது நான். ஒருத்தரும் அதைக் கேட்கலை. அவனவன், நான் ஆறு கேட்டிருந்தா ஒரு பிடி குறைஞ்சிருக்கும்கறான். எதிராளி மட்டும் ஏஸை முதல்லயே இறக்காம வச்சிருந்தா நான் பன்னெண்டு எடுத்திருப்பேன்னு யாருக்கும் தெரியலை. இதை நான் படம் போட்டே காட்டுவேன்.

திங்கக்கிழமை காலைல விண்ணப்பம் மேஜை மேல இருக்கு. அவர் எதிர்ல நிக்கறார்.

"உட்காருங்க ஞானதுரை"ன்னேன். உட்காரலை. "அந்தப் பாஸ் எதுக்கு?"ன்னேன்.

"உங்ககிட்ட மிச்ச மூணு ஏஸும் இருக்காதுன்னு தோணுச்சு சார்."

"எப்படித் தோணும்? இருந்தாத்தானே அந்தக் கேள்வியைக் கேட்கணும்?"

"நீங்க இல்லைன்னாலும் கேட்பீங்க சார்."

குரல்ல மரியாதைக் குறைவு இல்லை. ரூல் புஸ்தகத்தை வாசிக்கிற மாதிரி சொன்னார். எனக்குக் கோபம் இல்லைங்க, சத்தியமா. ஆனா ஒரு ஒழுங்குன்னு இருக்குல்ல. கட்டுப்பாட்டை மீறினவருக்கு அன்னிக்கே பரிசு கொடுத்தா நாளைக்கு ஆபீஸ் நடக்குமா? கோப்பை ஜெயிச்சது சரி. எப்படி ஜெயிச்சோம்னு பார்க்கணும்ல. "ஒரு வருஷம் போகட்டும், அடுத்த ஏப்ரல்ல கண்டிப்பா"ன்னு சொல்லி, பழைய வாசகத்தையே எழுதினேன். இவர் இன்றிப் பணிகள் நடைபெறா.

அவர் அந்தக் காகிதத்தை வாங்கிப் படிச்சார். முன்னெல்லாம் படிக்காம எடுத்துட்டுப் போவார். அன்னிக்கு நின்னு முழுக்கப் படிச்சார். அப்புறம் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து வச்சார். விருப்ப ஓய்வு. இருபத்தியோரு வருஷ சர்வீஸ். அடுத்த வருஷம் பிரமோஷன் வர வேண்டிய மனுஷன். ரெண்டு காகிதத்தையும் தயாரா எழுதி எடுத்துட்டு வந்திருக்கார் பாருங்க. என் மேல நம்பிக்கை இருந்திருந்தா ஒண்ணுதானே எழுதியிருப்பார்?

கடைசி நாள் கிளப்புக்கு வந்தார். நான் ஒரு தாசில்தாரைப் புதுப் பார்ட்னராப் பழக்கிக்கிட்டிருந்தேன். "போய்ட்டு வரேன் சார்"னார். நான் சீட்டுப் போட்டுக்கிட்டே, "சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவீங்க?"ன்னேன். பழைய ஞாபகத்துல வாய்ல வந்துடுச்சு. பழக்கம். அவர் சிரிச்ச மாதிரி இருந்தது.

அதுக்கப்புறம் ஒன்பது வருஷம். ஏழு பார்ட்னர் பார்த்துட்டேன். தாசில்தாருக்குக் கண் ஆபரேஷன்னார், அப்புறம் பார்த்தா அடுத்த மேஜையில ஆடறார். ஒரு டாக்டர் மூணு வாரம் வந்தார், அவருக்குக் கேஸ் அதிகம். ஒரு புரொபசர் ஆட்டத்து நடுவுலயே எழுந்து போய்ட்டார், வண்டிச் சாவியை மறந்துட்டேன்னார், திரும்பி வரலை. இந்தக் காலத்துல யாருக்கும் பொறுமை இல்லை. வீட்டுல ஆடலாம்னா, சம்சாரம் ஹைதராபாத்ல பையன்கிட்ட இருக்கா. நாலு வருஷமாச்சு. என் ஆட்டத்துக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு அவளே எடுத்த முடிவு.

போன மாசம் பேப்பர்ல ஓரமா ஒரு செய்தி. திருநெல்வேலியில பிரிட்ஜ் ஜோடிப் போட்டி. முதல் பரிசு, தூத்துக்குடி ஞானதுரை, ரூபி ஞானதுரை. படமும் போட்டிருந்தாங்க. தலை நரைச்சிருக்கு, பக்கத்துல கண்ணாடி போட்ட ஒரு அம்மா. எனக்கு மனசு கேட்கலைங்க. எப்பேர்ப்பட்ட பார்ட்னர், பொண்டாட்டியோட ஆட வேண்டிய நிலைமைக்கு வந்துட்டாரே. மறுநாளே ஃபோன் பண்ணினேன். "நான் வந்து பார்க்கறேன்"னேன். "வாங்க சார்"னார்.

நேத்துக் காலைல போய் இறங்கினேன். கடல் பக்கம், சின்ன வீடு. ரெண்டு பேரும் வாசல்ல நின்னு கூப்பிட்டாங்க. சாப்பாடு சைவம். நான் சைவம்னு அவருக்கு ஞாபகம் இருந்திருக்கு. அந்த வீட்டுல மீன் இல்லாத ஞாயித்துக்கிழமை இதுதான் முதல் தடவைன்னு பொண்ணு சொல்லுச்சு. பெனிட்டான்னு பேரு, காலேஜ்ல படிக்குது. அவருக்குப் பொண்ணு இருக்கறதே எனக்கு நேத்துத்தான் தெரியும். விண்ணப்பத்துல எழுதியிருப்பாரா இருக்கும். நான் கடைசி வரி மட்டும்தான் பார்ப்பேன், அங்கதானே கையெழுத்துப் போடணும்.

ரூபி டீச்சர் ரசம் ஊத்திக்கிட்டே, "இவ பொறந்த அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் சேலத்துல செமிஃபைனல்ல இருந்தீங்க சார். ஜெயிச்சிட்டீங்க. ஃபைனலையும் முடிச்சுட்டு, இவங்க மூணாம் நாள் வந்தாங்க"ன்னாங்க. எனக்குப் பெருமையா இருந்தது. நானே அந்த மேட்சை மறந்துட்டேன், அந்தம்மாவுக்கு எந்த ரவுண்டுங்கறது வரைக்கும் ஞாபகம் இருக்கு பாருங்க.

சாப்பிட்டு முடிச்சு விஷயத்துக்கு வந்தேன். "டிசம்பர்ல சீனியர்ஸ் டோர்னமெண்ட். நம்ம பழைய ஜோடி. என்ன சொல்றீங்க?"ன்னேன். அவர் தட்டுல இருந்த வாழைப்பழத்தை உரிச்சார். டீச்சர்தான், "ஒரு கை போடலாமா சார்? வந்தது வந்தீங்க"ன்னாங்க.

பக்கத்து வீட்டு உப்பள மேனேஜர் ஒருத்தரை எனக்குப் பார்ட்னராக் கூப்பிட்டாங்க. பால்வண்ணம்னு பேரு. பயந்த சுபாவம். அவங்க ரெண்டு பேரும் ஒரு கட்சி.

சொல்லக் கூடாது, ஆனா அந்தம்மா ஏலம் கேட்கிறதுல ஒரு நிதானம் இருக்கு. யோசிக்க நேரம் எடுத்துக்கறாங்க. அதுவரைக்கும் இவர் சீட்டைக் கவுத்து வச்சுட்டுக் காத்திருக்கார். அவசரமே இல்லை. பாதி ஏலம் அந்தம்மா எடுத்தாங்க, பாதி இவர் எடுத்தார். இவர் ஆடினப்பத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. இந்த மனுஷன் தன் கையை ஆடி நான் நின்னு பார்த்ததே இல்லை. நல்லாத்தான் ஆடறார். எல்லாம் நான் கத்துக் கொடுத்ததுதானே. அவர் ஆடறப்ப டீச்சர் டம்மி. எழுந்து எங்கேயும் போகலை, கன்னத்துல கை வச்சு அவர் ஆடறதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

கடைசிக் கை. எனக்கு ஸ்பேடு நிறைய, ரெண்டு ஏஸ். பால்வண்ணத்தை நாலு நோ டிரம்ப்ல கேட்டேன். அவர் தன்கிட்ட ஏஸ் ஒண்ணுமே இல்லைன்னு பதில் சொன்னார். இல்லைன்னா என்ன? நான் ஆடறேன்ல. 'ஆறு ஸ்பேடு'ன்னேன். பன்னெண்டு பிடி.

அடுத்த முறை ஞானதுரைக்கு. சீட்டைப் பார்க்கலை. என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்துல ஏலம் நடக்கிறப்ப அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்ததா எனக்கு ஞாபகம் இல்லைங்க. அமைதியா, "டபுள், சார்"னார்.

கேட்டீங்களா? டபுள்னா உன்னால முடியாதுன்னு அர்த்தம். யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம், ஆட்டத்துல அதுக்கு உரிமை இருக்கு. ஆனா அந்த நேரத்துலயும் அவருக்கு 'சார்' விட்டுப் போகலை பாருங்க. அதுதாங்க டிசம்பருக்கு அவர் சொன்ன பதில். நான் விடுவேனா, என் முறை வந்ததும் ரீடபுள் சொன்னேன். தண்டம் இன்னும் ஒரு மடங்கு ஏறும். எத்தனை பிடி குறைஞ்சதுன்னு கேட்காதீங்க. நாலு. பால்வண்ணம் சீட்டு சரியில்லை.

டீச்சர் தலை நிமிராம ஆட்டக் கணக்கை எழுதி முடிச்சு, காகிதத்தை மடிச்சு ஞானதுரை கையில கொடுத்தாங்க. அவர் அதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். என்னோட ஆடின ஆட்டத்தோட ஞாபகமா வச்சுக்கறார் போல.

ராத்திரி தங்கச் சொல்வாங்கன்னு பார்த்தேன். பொண்ணுக்குப் பரீட்சையாம். நானே லாட்ஜுக்குப் போய்ட்டேன். இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கே லாட்ஜ் வாசல்ல வந்து நிக்கறார். பெட்டியை அவரே தூக்கிக்கிட்டார். பஸ் ஸ்டாண்டுல தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்து, கண்டக்டர்கிட்ட நான் மதுரைலதான் இறங்கணும்னு ரெண்டு தடவை சொன்னார். டிசம்பர் விஷயத்தை நான் மறுபடியும் எடுக்கலை, எதுக்கு எடுக்கணும்? பேர் கொடுத்தாச்சு. முந்தா நாளே ரெண்டு பேர் பேரையும் சேர்த்துக் கொடுத்துட்டுத்தான் வண்டி ஏறினேன்.

டிரைவர் டீ குடிச்சுட்டு வர அரை மணி நேரம் ஆச்சு, நீங்க வழியிலதானே ஏறினீங்க, பார்த்திருக்க மாட்டீங்க. நல்ல வெயில். "நீங்க போங்க ஞானதுரை, எதுக்கு நிக்கறீங்க"ன்னு நாலு தடவை சொன்னேன். நகரலையே மனுஷன். "இல்ல சார், வண்டி கிளம்பினதைப் பார்த்துட்டுத்தான் போவேன்"னு வேப்ப மரத்தடியில அப்படியே நின்னார். இந்தக் காலத்துல யாருங்க தம்பி ஒருத்தருக்காக அப்படி நிப்பாங்க?